துவக்கில் கிரீடம், கிரீடத்தில் பொய்

துருவேறிய ஓர் இரும்புத் தகடு. அதில் ஒரு கிரீடம். கிரீடத்தின் கீழ் வி.ஆர். என்று இரண்டு எழுத்து. அதற்கும் கீழே என்ஃபீல்ட் தொழிற்சாலையின் பெயர், கடைசியில் 1907 என்று ஆண்டு. பார்த்தவுடன் பிரிட்டிஷ் இராணுவத்தின் பழைய மார்ட்டினி ஹென்றி துவக்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் விக்டோரியா மகாராணி கண்ணை மூடியது 1901 ஜனவரியில். இறந்துபோன ராணியின் பெயரை ஆறு வருடம் கழித்து எந்த அரச தொழிற்சாலை இரும்பில் குத்தும்?

இப்படிப்பட்ட துவக்குகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் உண்டு. சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் கைபர் கணவாய்த் துவக்கு. பெஷாவருக்குத் தெற்கே, கோஹாட் போகும் வழியில் இருக்கிற தர்ரா ஆதம் கேல் என்ற ஊரும் அதன் சுற்றுப்புறமும் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்துவந்தன. கையில் கிடைத்த ஆங்கிலத் துவக்கை முன்னால் வைத்துக்கொண்டு, அரத்தையும் உளியையும் நம்பி அச்சு அசலாக இன்னொன்றைச் செய்துவிடுவார்கள். அசலில் எழுத்து இருந்தால் நகலிலும் எழுத்து இருக்கும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத கை என்பதால் என்ஃபீல்டில் வரும் ‘என்’ எழுத்து சில சமயம் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிக் கிடக்கும். 2001க்குப் பிறகு ஆப்கானிஸ்தானுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் இவற்றைப் பாட்டன் காலத்துச் சொத்து என்று நம்பி, நினைவுப் பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தக் கொல்லர்களை மோசடிக்காரர் என்று சொல்ல மனம் வரவில்லை. கிரீடமும் எழுத்தும் அவர்களுக்குத் துவக்கின் ஓர் உறுப்பு, விசையைப்போல, திருகாணியைப்போல. அதைப் பழமை என்று சொல்லி விலை ஏற்றியவன்தான் பொய்யன்.

இலங்கையின் மாத்தளைக்கு இதில் என்ன வேலை? நிறையவே உண்டு. ஆங்கிலேயனின் துவக்கு இந்த மாவட்டத்துக்குள் வந்த ஆண்டும், வந்த வழியும், கைமாறிய விதமும் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. மெய்யான வரலாறு இருக்கும் இடத்தில்தான் பொய்யான பொருளுக்கும் மதிப்பு ஏறும்.

மாத்தளை நகரில் இன்றும் ஒரு பழைய கோட்டையின் வாசலும் மதிலின் கொஞ்ச மிச்சமும் நிற்கின்றன. மெக்டோவல் கோட்டை. 1803இல் கண்டி இராச்சியத்தின் மேல் ஆங்கிலேயர் முதல் தடவையாகப் படையெடுத்தபோது, கொழும்பிலிருந்து ஜெனரல் ஹே மெக்டோவலும் திருகோணமலையிலிருந்து கேணல் பார்பட்டும் புறப்பட்டார்கள். திருகோணமலைப் பாதையைக் காக்க மாத்தளையில் போட்ட காவலரணுக்கு ஜெனரலின் பெயரையே வைத்தார்கள். கண்டி எளிதாகக் கைக்கு வந்தது. ஆனால் காய்ச்சலும் பட்டினியும் படையை அரித்துத் தின்றன. அந்த வருடம் ஜூன் மாதக் கடைசியில் கண்டியில் இருந்த மேஜர் டேவி சரணடைந்தார். மகாவலிக் கரையில், வட்டபுளுவவில், ஆயுதங்களை ஒப்படைத்த சிப்பாய்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தி கேட்ட கப்டன் மேட்ஜ், மாத்தளைக் கோட்டையில் எழுந்து நடக்க முடியாத நோயாளிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, திருகோணமலைக்குப் பின்வாங்கினார்.

அன்று மன்னர் பக்கம் போய்ச் சேர்ந்தவை, இன்றைய சேகரிப்பாளர்கள் ‘பிரவுன் பெஸ்’ என்று செல்லமாக அழைக்கும் சக்கிமுக்கித் துவக்குகளின் வகையைச் சேர்ந்தவை. பூட்டுத் தகட்டின் நடுவில் கிரீடமும் ஜி.ஆர். எழுத்தும், வாலில் ‘டவர்’ என்ற சொல்லும் இருக்கும். லண்டன் கோபுரத்து ஆயுதசாலையின் முத்திரை அது. கிழக்கிந்தியக் கம்பனி தன் துவக்குகளுக்கு வேறு அடையாளம் வைத்திருந்தது: 1808 வரைக்கும் நான்காகப் பிரித்த இதய வடிவம், அதற்குப் பிறகு முன்னங்காலில் கிரீடம் ஏந்திய சிங்கம்.

ஆகவே மலைநாட்டில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து டவர் முத்திரைத் துவக்கு ஒன்று வெளியே வந்தால், நடக்காத காரியம் என்று தள்ளிவிட முடியாது. போலி செய்கிறவனுக்கு வேண்டியதும் அந்த ‘நடந்திருக்கலாம்’ ஒன்றுதான். அவன் பெரும்பாலும் எங்கே சறுக்குகிறான் என்றால், ஆசையில். வெறும் ‘டவர்’ போதாது, அதன் பக்கத்தில் ஓர் ஆண்டும் இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்குமே என்று 1775 அல்லது 1803 என்று குத்திவிடுகிறான். பிரிட்டிஷ் ஆயுத வாரியம் பூட்டில் செய்தவர் பெயரும் ஆண்டும் பொறிக்கும் வழக்கத்தை 1764இலேயே கைவிட்டு, டவர் என்ற சொல்லை மட்டும் போட ஆரம்பித்துவிட்டது என்பது அவனுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தாலும், வாங்க வருகிறவனுக்குத் தெரியாது என்ற துணிச்சல்.

மாத்தளையின் பெயரைத் துவக்கோடு இன்னும் இறுக்கமாகக் கட்டிப்போட்ட ஆண்டு 1848. கோப்பி விலை சரிந்து அரசாங்கத்தின் கஜானா வற்றிய நேரம். ஆளுநர் டொரிங்டன் பிரபு புதுப் புது வரிகளாகப் போட்டுத் தள்ளினார். நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி. தெரு வேலைக்கு ஆறு நாள் உழைக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று சில்லிங் கட்ட வேண்டும். துவக்கு வைத்திருப்பவன் வருடத்துக்கு இரண்டரைச் சில்லிங் கொடுத்து அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். காட்டுப்பன்றியிடமிருந்து சேனைப் பயிரைக் காக்கத் துவக்கு வைத்திருந்த கிராமத்து விவசாயிக்கு இது நேரே வயிற்றில் அடித்த வரி. அதே காலத்தில் மன்னாரில் இறங்கி தம்புள்ளை வழியாக மாத்தளைத் தோட்டங்களுக்கு நடந்து வந்துகொண்டிருந்த நம் தமிழ்த் தொழிலாளருக்குத் துவக்கும் இல்லை, வரியும் இல்லை. அவர்கள் பட்ட பாடு வேறு.

வரிகளுக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் அதன் தலைவர் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூடினார். 28ஆம் திகதி அவருடைய ஆட்கள் மாத்தளைக்குள் புகுந்து கச்சேரியைத் தாக்கினார்கள். வரிப் பதிவுகளில் ஒரு பகுதி அன்றோடு அழிந்தது. மறுநாள் இராணுவச் சட்டம் வந்தது. வாரியபொல தோட்டத்துப் பக்கம் கப்டன் லில்லியின் படையோடு நடந்த மோதலில் கிளர்ச்சிக்காரர் சிதறினார்கள். இன்னொரு தலைவரான புரன் அப்பு பிடிபட்டு, ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா செப்டெம்பர் வரை தலைமறைவாக இருந்து, இதே மாவட்டத்து எல்கடுவவில் அகப்பட்டார். தூக்குத் தண்டனை கசையடியும் நாடுகடத்தலுமாக மாறியது. மலாக்காவுக்கு அனுப்பினார்கள். டொரிங்டனும் தப்பவில்லை. லண்டன் பாராளுமன்றம் விசாரணைக் குழு போட்டது, 1850இல் அவர் திருப்பி அழைக்கப்பட்டார்.

கிளர்ச்சிக்காரரின் கையில் இருந்த துவக்குகள் எங்கே போயின? ‘இது நாற்பத்தெட்டுக் கலகத்துத் துவக்கு’ என்ற ஒரு வசனம் எவ்வளவு பணம் பெறும் என்பது பழம்பொருள் வியாபாரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த வசனத்துக்குச் சாட்சியாகத் துவக்கில் ஏதாவது இருக்க வேண்டும். அப்போது வருகிறது உளி.

உண்மையான கண்டித் துவக்கில் அப்படி வாசிக்கப் பெரும்பாலும் எதுவும் இருக்காது என்பதுதான் இதில் வேதனையான பகுதி. போர்த்துக்கேயர் 1505இல் வந்தபின் திரித் துவக்கின் நுணுக்கத்தை இலங்கைக் கொல்லர்கள் வெகு சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். தங்கள் எதிரிகள் செய்த துவக்குகளின் தரத்தைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகு தோ கூத்து வாய்விட்டுப் புகழ்ந்திருக்கிறார். பிறகு சக்கிமுக்கிப் பூட்டு வந்தது. கண்டி ஆசாரிகள் அதையும் தங்கள் பாணிக்கு வளைத்தார்கள். நீண்ட குழல். சுருள் சுருளாகச் செதுக்கி நுனியில் இரண்டாகப் பிளந்த பிடி. யானைத்தந்தமும் வெள்ளியும் பதித்த வேலைப்பாடு. முக்கியமாக ஒன்று: பூட்டு இடது பக்கத்தில் இருக்கும். ஐரோப்பிய இராணுவத் துவக்கில் அது வலது பக்கம். உலகத்து அருங்காட்சியகங்களில் இலங்கைத் துவக்கை ஒரே பார்வையில் அடையாளம் காட்டுவது இந்த இடது பூட்டுத்தான்.

செய்தவர் பெயரை ஆசாரி பொறிக்கவில்லை. மன்னருக்கோ திசாவைக்கோ செய்துகொடுத்த பொருளில் கொடுத்தவர் பெயர் இருக்கும், வாங்கியவர் அடையாளம் இருக்கும், செய்தவர் பெயர் இருக்காது. இப்படிப்பட்ட துவக்கு ஒன்று கையில் கிடைத்தவுடன், ‘பெயர் இல்லாததை எவன் வாங்குவான்’ என்று நினைத்து அதன் தகட்டில் டவர் என்றோ, ஒல்லாந்தக் கம்பனியின் வி.ஓ.சி. என்றோ குத்துகிறவன் இரட்டைக் குற்றம் செய்கிறான். வாங்குகிறவனின் பணத்தைப் பறிக்கிறான். அத்தோடு, அந்தத் துவக்கை உண்மையில் செய்த மலைநாட்டு ஆசாரியை வரலாற்றிலிருந்தே துடைத்துவிட்டு, அவருடைய வேலையை லண்டன்காரனுக்கோ ஆம்ஸ்டர்டாம்காரனுக்கோ எழுதி வைக்கிறான். இரண்டாவதுதான் பெரிய திருட்டு.

ஆனால் இடது பக்கப் பூட்டில் டவர் முத்திரை இருந்தால் அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டுவிடலாம். டவர் இராணுவத் துவக்குக்குச் செய்த பூட்டு வலது பக்கத்துக்குரியது. அதைத் தூக்கி இடது பக்கத்தில் வைக்க முடியாது. விசையும் வில்லும் எதிர்ப்புறமாக வேலை செய்ய வேண்டும்.

ஒரு பொய் முத்திரையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பூட்டுத் தகட்டை முதலில் மென்மையான இரும்பில் அராவி எடுப்பார்கள். மென்மையாக இருக்கும்போதே எழுத்தையும் கிரீடத்தையும் பொறித்துவிடுவார்கள். அதன்பிறகு எலும்புக்கரி, தோல்கரி இவற்றோடு சேர்த்து மூடிச் சுட்டு, தண்ணீரில் தோய்த்து எடுப்பார்கள். தகட்டின் மேல்தோல் கண்ணாடி மாதிரி இறுகிப்போகும். இருநூறு வருடம் கழித்து அந்தத் தோலில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தால் உளிதான் வழுக்கும். எழுத்து ஆழமில்லாமல், ஓரம் சிதறி விழும். இதற்குப் பயந்து தகட்டை மறுபடி நெருப்பில் போட்டு மென்மையாக்கினால் பழைய நிறம் போய்விடும். அமிலம் ஊற்றி அரித்தால் எழுத்தின் சுவர் செங்குத்தாக இல்லாமல் குழைந்து நிற்கும்.

உளியால் குத்திய எழுத்தின் ஓரத்தில் இரும்பு பிதுங்கி ஒரு சின்ன வரம்பு எழும். கையும் துணியும் எண்ணெயும் பட்டுப் பட்டு நூற்றைம்பது இருநூறு வருடத்தில் அந்த வரம்பு தேய்ந்து மழுங்கிவிடும். விரல் நுனியில் வரம்பு கூராகத் தட்டுப்பட்டால் அது நேற்றைய வேலை. எல்லாவற்றையும் விட நம்பகமான சாட்சி துரு. துரு இரும்பில் சின்னச் சின்னக் குழிகளைத் தோண்டும். உருப்பெருக்கியில் பார்த்தால், உண்மையான எழுத்தை அந்தக் குழிகள் கடித்திருக்கும், எழுத்தின் கால் ஒன்று அரைகுறையாக அரிபட்டு நிற்கும். பொய் எழுத்தில் நடந்தது தலைகீழ். எழுத்தின் கோடு துருக்குழிக்குள் இறங்கி மறுகரை ஏறும். குழி முந்தியது, எழுத்து பிந்தியது என்று இரும்பே எழுதிக் கொடுத்துவிடும்.

இன்னும் ஐயம் இருந்தால் பூட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். டவர் பூட்டின் உட்புறத்தில் செய்தவரின் முதலெழுத்து, மேற்பார்வையாளரின் சின்னக் கிரீட முத்திரை என்று வாடிக்கையாளர் பார்க்காத அடையாளங்கள் இருக்கும். போலி செய்கிறவன் வெளியே தெரிகிற இடத்துக்குத்தான் உழைக்கிறான். உள்ளே வெறிச்சென்று கிடக்கும். குழலின் அடிப்பாகமும் அப்படித்தான். குழல் வெடித்துச் சிதறாது என்று சோதித்துப் பார்த்துக் குத்தும் முத்திரைகள் அங்கே உண்டு. லண்டன் சோதனைச்சாலைக்குக் கிரீடமும் ஜி.பி. எழுத்தும். 1813இல் சட்டத்தின்மூலம் தொடங்கிய பர்மிங்ஹாம் சோதனைச்சாலைக்குக் கிரீடத்தின் கீழ் குறுக்காகக் கிடக்கும் இரண்டு செங்கோல்கள். இரண்டையும் ஒரே குழலில் கலந்து குத்திவைத்திருக்கும் அறிவாளிகளும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் கிழக்கத்தியக் கைவேலை என்று யாரும் மூக்கைச் சுளிக்கத் தேவையில்லை. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பிரெஷியா நகருக்கு அருகே கார்டோனே என்ற ஊரில் லாஸாரினோ கொமினாஸ்ஸோ என்ற பெயருக்கு ஐரோப்பா முழுக்க மவுசு. அவர் குழல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். பிறகு யார் யாரோ செய்த குழல்களில் எல்லாம் லாஸாரினோ வந்து உட்கார்ந்தார், பாதிக்குப் பாதி எழுத்துப் பிழையோடு. பர்மிங்ஹாம் பட்டறைகளில் செய்த துவக்குகளில் விலைக்காக ‘லண்டன்’ என்று பொறிப்பது சாதாரண வியாபார வழக்கம். பெல்ஜியத்தின் லியேஜ் நகரமோ எந்த நாட்டுத் துவக்கு கேட்டாலும் செய்துகொடுத்தது. ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் கப்பலேறிய மலிவான துவக்குகள் பலவற்றில் டவர் முத்திரையின் சாயலில் ஏதோ ஒன்று குத்தப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட ஒன்று அந்தக் காலத்திலேயே இலங்கைக்கு வந்திருந்தால், அது நூற்றைம்பது வருடப் பழமையான போலி. அதற்கும் ஒரு விலை உண்டு!

விலை என்றால் ஒன்று சொல்ல வேண்டும். 2015 ஏப்ரலில் லண்டன் பொன்ஹாம்ஸ் ஏலத்தில் திப்பு சுல்தான் காலத்து ஆயுதங்களும் பொருட்களும் 60 இலட்சம் பவுண்டுக்கு மேல் போயின. திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டினத்துப் பட்டறைத் துவக்குகளில் புலி முகமும் புலி வரியும் அடையாளம். அந்த விலையைப் பார்த்தபின் பெயரற்ற தென்னிந்தியத் துவக்குகளில் எத்தனை புலிகள் புதிதாகப் பிறந்திருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

முத்திரையை மட்டும் நம்பாமல் ஒரு பொருளின் பயணத்தைத் தேடுவது எப்படி என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனைக்குள் புகுந்து கொள்ளையடித்தபோது எடுத்துப்போன சிறு பீரங்கி, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்தது. சத்தர கோறளையின் லெவ்கே திசாவை 1745இல் மன்னருக்குக் கொடுத்த பரிசு அது. அதில் கண்டி மன்னரின் சூரியனும் பிறைச் சந்திரனும் சிங்கமும் உண்டு, சிங்கள எழுத்தும் உண்டு. அத்தனை இருந்தும் ஆய்வாளர்கள் அத்தோடு நிற்கவில்லை. ஒல்லாந்துப் பழைய ஆவணங்களையும் சேகரிப்புப் பட்டியல்களையும் துழாவி, யார் எடுத்தது, யாரிடம் போனது என்று படிப்படியாகத் தேடினார்கள். அந்த வேலையின் பலனாக, பீரங்கியும், இரண்டு பெரிய சுவர்த் துவக்குகளும், தங்க வாளும், வெள்ளி வாளும், கத்தியும் 2023 டிசம்பரில் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குத் திரும்பின. அந்தச் சுவர்த் துவக்குகளைச் செய்த ஆசாரியின் பெயர் அங்கும் இல்லை. ஆனால் அவை கண்டியில் செய்தவை என்பதைச் சொல்ல யாரும் அவற்றில் பொய் முத்திரை குத்தத் தேவைப்படவில்லை.

பரணில் பழைய துவக்கு இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மணல்தாளை எடுத்துத் தேய்த்துப் பளபளக்க வைக்காதீர்கள். மேலே சொன்ன சாட்சி முழுவதும் அந்தத் துருவில்தான் இருக்கிறது. இன்னொன்று, 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் கண்டி இராச்சியம் பிரிட்டிஷாரிடம் போன 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லைக்கோடாக வைக்கிறது. அதற்கு முந்தியதென்று நியாயமாக நம்பத்தக்க பொருள் தொல்பொருள். அதை நாட்டைவிட்டுக் கொண்டுபோக அனுமதி வேண்டும். இதனால் பொய் முத்திரைக்கு இன்னொரு உபயோகமும் வந்துவிடுகிறது. 1790இல் செய்த கண்டித் துவக்கின் மேல் விக்டோரியாவின் கிரீடத்தைக் குத்தினால், அது காகிதத்தில் ஐம்பது அறுபது வயது இளமையாகிவிடும். வயதைக் கூட்டுவதற்கு மட்டும்தான் ஆள் ஏமாற்றுவான் என்று சுங்க அதிகாரி நினைத்தால் போச்சு.

மாத்தளையில் துவக்குச் செய்யும் கை இன்னும் ஓயவில்லை. காட்டுப்பன்றிக்கென்று வேலியோரம் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு இன்றும் உலர்வலயக் கிராமங்களின் சாபம். தண்ணீர்க் குழாய்த் துண்டு, கொஞ்சம் மரம், ஒரு வில், குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பி. பன்றிக்கு வைத்தது விறகு பொறுக்கப் போனவரின் முழங்காலிலும் பாயும், யானையின் காலிலும் பாயும். 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதியில்லாமல் அதைச் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். பொலிஸார் கைப்பற்றி வழக்குக்குக் கொண்டுவரும் அந்தக் குழாய்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் ஓர் எழுத்து கிடைக்காது. செய்தவன் பிடிபட விரும்பவில்லை. யார் செய்தது என்று ஊரில் அநேகமாக எல்லாருக்கும் தெரியும்.